கருப்பட்டியானாலும் குடலுக்கு அது சர்க்கரைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வு இணைப்பில் சென்ற வாரம் வெளியான கட்டுரை, வெள்ளைச் சீனியை நஞ்சு என்று ஒதுக்கிவிட்டு, கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகிய மூன்றும் மெதுவாகச் செரிப்பவை என்றும், நீரிழிவு உள்ளவர்களும் அவற்றை அச்சமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் வாசகர்களுக்கு அறிவுரை கூறியிருந்தது. நடைப்பயிற்சி பற்றியும் இரவு உணவு நேரம் பற்றியும் அக்கட்டுரையில் சொல்லப்பட்டவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் கருப்பட்டி பற்றிய கூற்று தவறானது. ஒரு குறிப்பிட்ட மாத்திரையை உட்கொள்பவர்களுக்கு, ஒரு குறிப்பிட்ட நேரத்தில், அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியக்கூடும். அதனால் இக்கடிதம் சற்று நீண்டிருந்தாலும் சுருக்காமல் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

நான் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து ஓய்வு பெற்றவன். பிறந்ததும் வாழ்வதும் திருச்செந்தூர் வட்டத்தில். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி காய்ச்சப்படும் பகுதி இது. கருப்பட்டிக் காப்பி இல்லாமல் எனக்குப் பொழுது விடிவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே பனைத் தொழிலுக்கு எதிராகவோ ஆலைச் சீனிக்கு ஆதரவாகவோ எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. "சீனியத் தொட்டு அஞ்சு வருசமாச்சு ஐயா, எல்லாம் கருப்பட்டிதான், பெறகும் ஏன் கூடுது?" என்று ஊசிக்குக் கையை நீட்டியபடியே கேட்டவர்களின் எண்ணிக்கையைக் குறித்து வைத்திருந்தால் ஒரு நோட்டே நிரம்பியிருக்கும். அவர்களுக்கு அன்று வரிசையில் நிற்க வைத்துக்கொண்டு சொல்ல முடியாததைத்தான் இன்று எழுதுகிறேன்.

குழப்பத்தில் பாதி நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் வெள்ளைப் பொருளை எங்கள் பக்கம் சீனி என்போம். வட மாவட்டங்களில் அதுவே சர்க்கரை. ஒடிசாவின் அஸ்கா என்னும் ஊரில் இருந்த ஆலையை ஒட்டி அதை அஸ்கா என்று அழைத்த பெரியவர்களும் உண்டு. ரத்தத்தில் இருப்பதையும் சர்க்கரை என்கிறோம், நோயையும் சர்க்கரை என்கிறோம். இத்தனைக்கும் ஒரே சொல் இருப்பதால், கடைச் சர்க்கரை அப்படியே ரத்தத்தில் போய்ச் சேர்கிறது என்றும், கடையில் வேறு பொருளை வாங்கினால் ரத்தத்திலும் வேறு பொருள் சேரும் என்றும் நினைத்துவிடுகிறோம். உண்மையில் கடையில் வாங்குவது சுக்ரோஸ். ரத்தத்தில் அளக்கப்படுவது குளுக்கோஸ். சுக்ரோஸ் முழு உருவில் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் சேர்வதில்லை. முதலில் அது வெட்டுப்பட வேண்டும்.

ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் பிணைந்த இரட்டைதான் சுக்ரோஸ். வாயில் ஊறும் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்தை உடைக்குமே தவிர, சுக்ரோஸை ஒன்றும் செய்யாது. (வாய்க்குள் சுக்ரோஸை உண்பவை பல்லிடுக்குக் கிருமிகள், அவை விடும் அமிலம் பல்லை அரிக்கிறது. கருப்பட்டி மிட்டாய் என்றால் அவை விலகிப் போவதில்லை.) இரைப்பையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. ஆனால் எவ்வளவு வேகத்தில் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது என்பதை இரைப்பைதான் தீர்மானிக்கிறது. வெறும் வயிற்றில் குடித்த இனிப்புக் காப்பி விரைவில் இறங்கிவிடும், பருப்பும் நெய்யும் காய்கறியும் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் உண்ட பாயசம் தாமதித்தே இறங்கும். சர்க்கரை ஏறும் வேகத்தில் நாம் காணும் வேறுபாடு பெரும்பாலும் இந்த இடத்தில் உண்டாவதே அன்றி, சர்க்கரையின் நிறத்தால் உண்டாவதன்று.

வெட்டு நடப்பது சிறுகுடலில். அதன் உட்சுவரில் விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேல், செல்களின் விளிம்பிலேயே பொருந்தியிருக்கும் சுக்ரேஸ் என்னும் நொதி, ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு சுக்ரோஸை இரண்டாகப் பிரிக்கிறது. 342 கிராம் சுக்ரோஸ் 18 கிராம் நீரோடு சேர்ந்து 180 கிராம் குளுக்கோஸாகவும் 180 கிராம் ஃப்ரக்டோஸாகவும் மாறுகிறது. அதாவது 100 கிராம் சீனி உள்ளே போனால் 105 கிராம் எளிய சர்க்கரை கிடைக்கிறது. இந்த வேலையில் தாமதம் ஏதும் இல்லை; நலமுள்ள குடலில் சுக்ரேஸ் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அந்த நொதி அடையாளம் காண்பது சுக்ரோஸின் வடிவத்தை மட்டுமே. பழுப்பு நிறமோ, பனையின் மணமோ, "இயற்கை" என்ற அச்செழுத்தோ அதற்குத் தெரியாது.

கருப்பட்டியிலும் வெல்லத்திலும் ஏறத்தாழ முக்கால் பங்கு சுக்ரோஸ்தான். பொடித்த கரும்பு வெல்லமே நாட்டுச்சர்க்கரை என்பதால் அதுவும் இதில் அடங்கும். பனங்கற்கண்டோ ஏறக்குறைய முழுவதுமே சுக்ரோஸ். மீதமுள்ள பங்கில் ஈரம், தாது உப்புகள், காய்ச்சும்போதே பிரிந்துவிட்ட சிறிதளவு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கின்றன. ஏற்கெனவே பிரிந்துவிட்ட அந்தப் பகுதிக்குச் செரிமானமே தேவையில்லை. ஆகவே மெதுவாகச் செரிக்கும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

இந்த வெட்டைப் பனையேறிகள் எந்தப் பாடநூலும் இல்லாமலே அறிந்திருக்கிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் பாளையில் கட்டினால் வடிவது பதநீராக நிற்காது, கள்ளாகிவிடும். காற்றிலிருந்தும் பாளையிலிருந்தும் கலயத்துக்குள் சேரும் நொதிப்பூஞ்சை, தன்னிடமுள்ள இன்வெர்ட்டேஸ் என்னும் நொதியால் சுக்ரோஸை முதலில் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்து, அதன் பிறகே சாராயமாக்குகிறது. பிரிந்துபோன பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாமல் கசிந்து நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மரத்தின் உச்சியில் சுண்ணாம்பு போட்டுத் தடுத்து வைத்த அதே வெட்டு, நம் சிறுகுடலில் தடையின்றி நடந்தேறுகிறது, அவ்வளவுதான். தேனைப் பொறுத்தவரை தேனீயே இந்த வேலையை நமக்காக முடித்துவிடுகிறது. பூவின் மதுவில் இருக்கும் சுக்ரோஸைத் தன் தலைச் சுரப்பியில் ஊறும் நொதியால் பிரித்துத்தான் அது கூட்டில் சேர்க்கிறது. தேனில் ஏறத்தாழ 38 விழுக்காடு ஃப்ரக்டோஸும் 31 விழுக்காடு குளுக்கோஸும் பிரிந்த நிலையிலேயே இருக்கின்றன. பாதி செரித்த சர்க்கரையைத்தான் மெதுவாகச் செரிப்பது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்.

பிரிந்த இரண்டும் குடல் செல்லுக்குள் நுழைவது வெவ்வேறு வாசல்கள் வழியாக. குளுக்கோஸைச் சுமக்கும் புரதம் அதைத் தனியே உள்ளே விடாது. இரண்டு சோடியம் அயனிகளும் கூட வந்தால்தான் ஒரு குளுக்கோஸை உள்ளே இழுக்கும். ஃப்ரக்டோஸுக்கு வேறொரு வாசல். அங்கே சோடியம் தேவையில்லை, வேகமும் குறைவு. இரண்டும் செல்லின் மறுபுறம் வெளியேறி, குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரையில் கலக்கின்றன. உடல் முழுவதும் பரவும் முன் கல்லீரல் என்னும் சுங்கச்சாவடியை இரண்டுமே கடந்தாக வேண்டும். இதற்கு அப்பால்தான் இரண்டின் வழியும் பிரிகிறது. என் ஆய்வக அனுபவம் தொடங்குவதும் அங்கேதான்.

குளுக்கோஸின் கதை ஓரளவு அனைவரும் அறிந்தது. ஐந்து லிட்டர் ரத்தத்தில், 100 மி.லி.க்கு 100 மில்லிகிராம் வீதம் கணக்கிட்டால், மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு குளுக்கோஸ்தான் ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 300 மி.லி. குளிர்பானத்தில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். அதில் பாதி குளுக்கோஸ் என்றால், ரத்தத்தில் மொத்தமாக ஓடுவதைப் போல மூன்று மடங்கு அரைமணி நேரத்துக்குள் வந்து கதவைத் தட்டுகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து தசைகளையும் கொழுப்புத் திசுவையும் அதை வாங்கிக்கொள்ளச் செய்கிறது. தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் கல்லீரலில் 100 கிராமும் கிளைகோஜனாகச் சேமிக்க இடமிருக்கிறது. இன்சுலின் போதாதவர்களுக்கு, அல்லது இன்சுலின் சொல்வதைத் திசுக்கள் கேட்காதவர்களுக்கு, அது ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்நிலையில் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

கவனம் பெறாமல் போவது ஃப்ரக்டோஸ். வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவியின் பட்டையில் இருக்கும் நொதி குளுக்கோஸுடன் மட்டுமே வினைபுரியும். ஃப்ரக்டோஸ் எவ்வளவு இருந்தாலும் அது காட்டாது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் சிறுநீரைச் சோதிக்க 5 மி.லி. பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் சிவப்பாகும். ஒரு மதிய வேளையில், வேலை ஓய்ந்திருந்தபோது, சீனிக் கரைசலையும் தேன் கரைசலையும் அதே முறையில் சோதித்துப் பார்த்தோம். சுக்ரோஸுக்கு ஒடுக்கும் பண்பு, அதாவது அக்கரைசலை நிறம் மாற்றும் திறன், இல்லை என்பதால் சீனிக் கரைசல் நீலமாகவே நின்றது. தேன் உடனே சிவந்தது. எந்தச் சோதனையும் தான் தேடுவதை மட்டுமே காட்டும் என்பது அன்று புரிந்தது. "கருப்பட்டி சாப்பிட்டுவிட்டுச் சோதித்தேன், அவ்வளவாக ஏறவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. உண்ட சுக்ரோஸில் பாதியைத்தான் அவருடைய கருவி பார்த்தது. அதே எடை வெள்ளைச் சுக்ரோஸை உண்டு சோதித்திருந்தாலும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் கண்டிருப்பார்.

பார்க்கப்படாத அந்தப் பாதி பெரும்பாலும் கல்லீரலிலேயே கையாளப்படுகிறது. குளுக்கோஸை உடைக்கும் பாதையில், செல்லுக்குப் போதிய ஆற்றல் இருந்தால் வேகத்தைக் குறைக்கும் ஒரு தடை உண்டு. ஃப்ரக்டோஸ் அந்தத் தடைக்கு அப்பால் உள்ள இடத்தில் நுழைகிறது, இன்சுலினுக்காகவும் காத்திருப்பதில்லை. அளவாக வரும்போது அதில் பெரும்பகுதி மெல்ல மெல்லக் குளுக்கோஸாகவும் லாக்டேட்டாகவும் கிளைகோஜனாகவும் மாறிவிடுகிறது, தீங்கில்லை. தேவைக்கு மேற்பட்ட உணவோடு, நாள்தோறும், அதிலும் இனிப்புப் பானமாக வந்து குவியும்போது, மிஞ்சுவது கொழுப்பாக்கப்பட்டுக் கல்லீரலில் தங்குகிறது, ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக ரத்தத்திலும் கலக்கிறது. விரைந்து வினைபுரியும்போது செலவாகும் ஆற்றல் மூலக்கூறுகளின் சிதைவிலிருந்து யூரிக் அமிலமும் கூடுகிறது. எனவே இனிப்பை மாற்றிக்கொண்டதால் பயன் கிடைத்ததா என்று அறிய விரும்புபவர், விரல் குத்தும் கருவியோடு நின்றுவிடாமல், ட்ரைகிளிசரைடு அறிக்கையையும் பார்க்க வேண்டும். முழுப் பழத்தை நான் இதில் சேர்க்கவில்லை. நார்ச்சத்தோடு மென்று விழுங்கும் ஒரு கொய்யாவில் உள்ள சில கிராம் ஃப்ரக்டோஸ் வேறு, ஒரு மடக்கில் இறங்கும் கரும்புச்சாறு வேறு.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையொன்றில் கருப்பட்டிக்கு மேல் "ஜி.ஐ. பெற்றது, சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாம்" என்று அட்டை தொங்கக் கண்டேன். புவிசார் குறியீட்டுக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஜி.ஐ.; உணவு எவ்வளவு விரைவாக ரத்தக் குளுக்கோஸை உயர்த்துகிறது என்பதைக் காட்டும் கிளைசீமிக் குறியீட்டுக்கும் அதுவே சுருக்கம். முன்னது ஊருக்குக் கிடைத்த உரிமை, பின்னது உடலில் அளந்த எண். 1981-இல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் முன்வைத்த அந்தப் பின்னதன்படி, குளுக்கோஸை 100 என்று கொண்டால், சுக்ரோஸ் ஏறத்தாழ 65-இல் நிற்கிறது, வெள்ளை ரொட்டியோ 75-ஐ ஒட்டி இருக்கிறது. சீனியின் எண் குறைவாக இருப்பது நல்ல குணத்தால் அன்று; அதில் பாதி, அந்தச் சோதனைக்கும் அகப்படாத ஃப்ரக்டோஸ் என்பதால்தான். மாவுச்சத்தோ செரித்து முடிந்ததும் முழுவதும் குளுக்கோஸாகிறது. சீனியைத் துறந்துவிட்டோம் என்ற நிம்மதியில் சோற்றை இருமுறை வாங்கிக்கொள்பவர்கள் இதையும் நினைவில் கொள்வது நல்லது.

அதே கட்டுரையில் வெள்ளைச் சீனி நஞ்சு என்று எழுதியதையும் நான் ஏற்கவில்லை. குளுக்கோஸ் சோடியத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் நுழையும் என்று மேலே சொன்னேன். அவ்விரண்டின் பின்னால் நீரும் குடலிலிருந்து உடலுக்குள் செல்கிறது. காலராவில் குடலின் பிற செயல்கள் குலைந்தாலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லைக்கு இப்பால் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சிரை வழி ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கலந்து வாய்வழியே கொடுத்து, முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பை நான்கு விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். மறைவுக்குப் பின், 2023-இல், அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கான பொட்டலம் (ஓ.ஆர்.எஸ்.) கிடைக்காத வீட்டில் ஒரு லிட்டர் தூய நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். சுக்ரேஸ் சீனியை வெட்டிக் குளுக்கோஸைத் தந்துவிடும். நஞ்சு என்று பெயர் சூட்டப்பட்ட அதே சீனிதான் வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தையைக் காக்கிறது. சீனியைக் கூட்டிவிட்டால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை மிகுதியாக்கும் என்பதால், அக்குழந்தைக்குக் குளிர்பானம் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளவு மாறினால் மருந்தே கேடாகும் பொருள் இது.

பால் சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். லாக்டோஸை வெட்டும் லாக்டேஸ் நொதி நம்மில் பலருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. வெட்டுப்படாத லாக்டோஸ் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள கிருமிகளால் புளித்து, வாயுவாகவும் வயிற்று உப்புசமாகவும் வெளிப்படுகிறது. தயிரில் ஒரு பகுதி லாக்டோஸ் உறையும்போதே அமிலமாகிவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துக்கொள்கிறது. இது நோயன்று.

கருப்பட்டியில் இரும்பும் பொட்டாசியமும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் ஒரு நாளில் உண்ணத்தக்க சிறு அளவில் அவை தரும் பங்கு சொற்பமே. அதற்காக அளவைக் கூட்டினால் சுக்ரோஸும் கூடும், முருங்கைக்கீரையில் அந்தச் சிக்கல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த நெறியின்படி, சேர்க்கப்படும் சர்க்கரைகளிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் பத்து விழுக்காட்டுக்குக் கீழும், இயன்றால் ஐந்து விழுக்காட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம், இயன்றால் 25 கிராம். தேனையும் பழச்சாற்றையும் அந்நெறி வெளிப்படையாகவே இக்கணக்கில் சேர்த்திருக்கிறது.

இனி, கடிதத்தின் தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆபத்துக்கு வருகிறேன். நீரிழிவுக்கு வோக்லிபோஸ், அகார்போஸ் என்னும் மாத்திரைகள் தரப்படுகின்றன; பெரும்பாலும் வேறு மருந்துகளோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவே வருவதால் உண்பவருக்கே அவற்றின் பெயர் தெரியாது. இவை சிறுகுடலின் சுக்ரேஸையும், மாவுச்சத்தின் கடைசிக் கட்டத்தை முடிக்கும் அதன் துணை நொதிகளையும் தடுத்து, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துபவை. கூடவே, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் ஒருவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும்போது, வீட்டார் ஓடிப்போய்க் கொடுப்பது சீனித் தண்ணீர். தங்கள் கட்டுரையைப் படித்த வீட்டில் கருப்பட்டிக் காப்பியாக இருக்கும். வெட்ட வேண்டிய நொதியையே மாத்திரை கட்டிப்போட்டிருக்கும் அந்த நேரத்தில் இரண்டுமே உரிய வேகத்தில் பலன் தரா. வெட்டத் தேவையில்லாத குளுக்கோஸ் பொடியை, சுமார் 15 கிராம், நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அது கைவசம் இல்லையெனில் பிரிந்த குளுக்கோஸ் உள்ள தேனையோ, அம்மாத்திரைகள் தொடாத நொதியால் செரிக்கும் பாலையோ தரலாம். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கருப்பட்டி பற்றிய மறுப்பை வெளியிடுவதும் வெளியிடாமல் விடுவதும் தங்கள் விருப்பம். வோக்லிபோஸ், அகார்போஸ் உட்கொள்பவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்க வேண்டும் என்ற செய்தியை மட்டுமாவது, அடுத்த வார இணைப்பில், அக்கட்டுரை வந்த அதே பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்,
திருச்செந்தூர் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.